பார்வையாளர் அட்டையா, பணிக்குழு இருக்கையா?

ஈசிஆர் ரோட்டில், செங்கல்பட்டு மாவட்டத்து வட நெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் சங்கம் இருக்கிறது. துணியால் வாய் கட்டிய மண்பானைகள். உள்ளே நல்ல பாம்பும் கட்டுவிரியனும். விஷம் எடுத்த பிறகு பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்தே பாம்பைத் தேடிப் போகிற அறிவு இது. இப்படிப்பட்ட பழங்குடிகளின் குரல் ஐ.நா. காலநிலை மாநாட்டுக்குள் போக இரண்டு வழி உண்டு.

ஒன்று, பார்வையாளர் அட்டை. 2001 முதல் பழங்குடிகள் அங்கே தனிப் பிரிவு. நாடுகள் பேசி முடித்து நேரம் மிஞ்சினால் மைக் வரும், வாக்கு கிடையாது. கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தி மாதிரிதான். தனியாளாகவும் போக முடியாது, அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று பெயர் கொடுக்க வேண்டும். ஆனால் நிறைய பேர் போகலாம், தாழ்வாரத்தில் அமைச்சரை மடக்கிக் கேள்வி கேட்கலாம்.

இன்னொன்று, 2018-இல் போலந்தின் கட்டோவிட்சே மாநாட்டில் பிறந்த, பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்குமான மேடையின் பணிக்குழு. 14 பேர்: நாடுகள் தரப்பில் 7, பழங்குடிகள் தரப்பில் 7. சரிபாதி! ஐ.நா. ஏற்பாடுகளில் இது அபூர்வம். ஆனால் பழங்குடிகள் தரப்பில் ஆசியாவுக்கே ஒரு இருக்கைதான். அதோடு, நிதி, கார்பன் சந்தை (புகைக் குறைப்பைக் கணக்கிட்டு வாங்கி விற்பது) பற்றிய பேரம் வேறு அறையில் நடக்கும்.

என்னைக் கேட்டால் இருக்கைக்குத்தான் மதிப்பு அதிகம். செங்கல்பட்டு இருளருக்குக் கைக்கு எட்டுவது என்னவோ அட்டைதான். எதில் போனாலும் ஐ.நா.வின் அலுவல் மொழிகள் 6-தான். அதில் தமிழ் இல்லை.