சேலத்தில் தரவுக்கு நீர்க்குறி இடும் சேவை: ஒரு மதிப்பீடு

சேர்வராயன் மலையின் மரஞ்செடிகளைப் பற்றி எங்கள் குழு தொகுத்துவரும் தரவை யாரேனும் நகலெடுத்துத் தமது உழைப்பென்று விற்றால் அதை மெய்ப்பிக்க வழி வேண்டும் என்பதற்காக, சேலம் ஐந்து ரோடு பகுதியிலுள்ள ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்திடம் நீர்க்குறி, அதாவது தரவு எங்களுடையது என்று பின்னர் காட்ட உதவும் மறைவான அடையாளம், இடச் சொன்னோம். குறைகளும் சொல்ல இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

அவர்கள் முதலில் பரிந்துரைத்தது, ராகேஷ் அகர்வாலும் ஜெரி கியர்னனும் 2002-இல் முன்வைத்த முறை. ரகசியச் சாவியால், அதாவது உரிமையாளர் மட்டும் அறிந்த ஓர் எண்ணால், சில வரிசைகளைத் தேர்ந்து, அவற்றின் எண்களில் கடைசி பிட்டை (மதிப்பைச் சிறிதே மாற்றும் கடைசி இலக்கத்தை) மாற்றிவைப்பார்கள். மழையளவுப் பட்டியலுக்கு அது சரி. 'சில்வர் ஓக் காபிக்கு நிழல் தரும்' என்ற கூற்றில் மாற்றுவதற்கு எண் ஏது? எதை மாற்றினாலும் பொய்யாகிவிடும்.

நாங்கள் மறுத்த பிறகு, ஃபாபியன் சுகானெக் முதலானோர் 2011-இல் வெளியிட்ட நீக்கல் முறைக்கு வந்தார்கள். பாராட்ட வேண்டியது இதைத்தான். ஒவ்வொரு கூற்றையும் சாவியுடன் சேர்த்து ஹாஷ் (மூலத்தைத் திரும்ப ஊகிக்க முடியாதபடி கணக்கிடப்படும் அடையாள எண்) கணக்கிட்டு, அதில் தேறும் சிலவற்றை மட்டும் வெளியிடும் பிரதியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். எங்கள் பிரதியில் சில்வர் ஓக்கின் நிழலும் உயரமும் இருக்கின்றன, அதில் மிளகுக்கொடி படரும் என்பது மட்டும் இல்லை. படிப்பவருக்குப் பொய் எதுவும் போய்ச் சேர்வதில்லை. நகலெடுத்தவரின் தரவிலும் அதே கூற்றுகள் இல்லாமலிருக்கும்; அதுவே அடையாளம். சுயமாகத் தொகுத்த ஒருவரிடம் இத்தகைய கூற்று ஒவ்வொன்றும் விடுபட பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டாலும், நீக்கிய 20 கூற்றுகளும் ஒருசேர விடுபடுவது பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. எவை நீக்கப்பட்டன என்று அறியாததால் திருடியவர் அவற்றைத் தேடிச் சேர்ப்பதும் எளிதல்ல.

குறை, சாவியில் இருக்கிறது. வழக்கு வந்த பிறகு பொருந்துகிற சாவியைத் தேடிப் பிடித்தோம் என்று எதிர்த்தரப்பு சொல்லிவிட முடியும் என்பதால், சாவியின் ஹாஷைத் தேதியுடன் முன்கூட்டியே மூன்றாவது ஒருவரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். இவர்கள் தந்த சான்றிதழில் அதற்கு இடமே இல்லை. கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

'நீதிமன்றத்தில் இதுவே போதும்' என்ற அவர்களது விளம்பரமும் மிகை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினித் தரவுத்தளங்களை இலக்கியப் படைப்பில் சேர்க்கிறது என்றாலும், ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007-இல் வெறும் உழைப்பு போதாது, ஓரளவு படைப்பாற்றலும் வேண்டும் என்றது. நீர்க்குறி நகலெடுத்ததைக் காட்டும்; தொகுப்பின் தனித்தன்மையை நாம்தான் நிறுவ வேண்டும்.

தரவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள் என்பதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அதைப் பேசி முடிப்பது நல்லது.