கண்ணாடியா, கைப்பேசியா, ட்ரோனா: படைவீரருக்கு எதில் பணம் போடுவது?

2003-இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க வீரர்கள் என்னென்ன தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள் என்று ஓர் ஆய்வுக் குழு கூடவே போய் எடை போட்டுப் பார்த்தது. முதுகுப்பையோடு நடக்கும்போது சாதாரண ரைஃபிள் வீரரின் சுமை சராசரியாக 40 கிலோவுக்கு மேல். அதனால் எந்தப் புதுக் கருவியைப் பற்றிப் படித்தாலும் எனக்கு இரண்டு கேள்விகள்தான் முதலில் எழும். இது சுமையைக் கூட்டுமா? உடைந்தால் சீக்கிரம் இன்னொன்று கைக்கு வருமா?

முதலில் கண்ணாடி, அதாவது கண்முன்னே திரையைக் காட்டும் கணினிக் கண்ணாடி. 2021-இல் அமெரிக்கத் தரைப்படை மைக்ரோசாஃப்டோடு 10 ஆண்டுகளில் 2,188 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒப்பந்தம் போட்டது. வரைபடம், இருட்டில் பார்க்கும் திறன், கூட்டாளிகள் நிற்கும் இடம் எல்லாம் கண்ணெதிரே தெரியும் என்பது திட்டம். அருமையான யோசனைதான். ஆனால் 2022 சோதனையில் அணிந்தவர்களுக்குத் தலைவலி, கண்வலி, குமட்டல். திரையின் வெளிச்சம் இருட்டில் தூரத்திலிருந்தே தெரிகிறது என்ற புகாரும் வந்தது. பதுங்கி இருப்பவருக்கு இதைவிட ஆபத்து வேறென்ன? வடிவத்தை மாற்றினார்கள். 2025-இல் திட்டமே ஆண்டுரில் என்ற ராணுவத் தளவாட நிறுவனத்தின் கைக்குப் போனது.

கைப்பேசியின் கதை வேறு. அமெரிக்கத் தரைப்படை 1990-களில் தொடங்கிய லேண்ட் வாரியர் திட்டத்திலும் ஹெல்மெட்டில் சின்னத் திரை, உடம்பில் கணினி என்று எல்லாம் இருந்தன. 2007-இல் ஒரு படைப்பிரிவு அதை ஈராக்குக்கு எடுத்துப்போனது. அதற்குள் வேண்டாத பாகங்களைக் கழற்றி எடையைக் குறைத்திருந்தார்கள். எல்லோருக்கும் மாட்டாமல் சிறு குழுத் தலைவர்களுக்கும் அவர்களுக்கு மேலே உள்ளவர்களுக்கும் மட்டும் கொடுத்தார்கள். அப்புறம்தான் அது வீரர்களுக்குப் பிடித்துப்போனது. அந்தத் திட்டத்துக்கு அதே ஆண்டு பணம் நின்றாலும், அதன் வழியில் நெட் வாரியர் என்ற அடுத்த திட்டம் வந்தது. கடையில் கிடைக்கும் வகை ஆண்ட்ராய்டு கைப்பேசி நெஞ்சில், அதிலிருந்து ரேடியோவுக்கு ஒரு கேபிள், அவ்வளவுதான். குனிந்து பார்க்கும் அந்த நொடியில் கண் எதிரியிடமிருந்து விலகும், அது உண்மையான குறை. ஆனால் வேண்டாதபோது மூடிவிட்டு நடக்கலாம். உடைந்தால் மாற்றுவதும் சுலபம்.

ட்ரோன்தான் கணக்கையே மாற்றியது. உக்ரைனில் சில நூறு டாலர் ட்ரோன்கள் பல லட்சம் டாலர் டாங்குகளை அழித்திருக்கின்றன. சிக்னலை முடக்கியதும் முடிவுக்கு வந்துவிடும் என்று நினைத்தால், ஒளியிழை நூலைச் சுருளிலிருந்து விட்டுக்கொண்டே, அதன் வழியே கட்டளை வாங்கிப் பறக்கும் வகை வந்துவிட்டது. இன்று அங்கே வயலிலும் மரக்கிளையிலும் சிலந்தி வலைபோல அந்த நூல்கள் வெயிலில் மின்னுகின்றன. சில வாரங்களில் வடிவம் மாறுகிறது. பல ஆண்டு ஒப்பந்தத்தால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. எல்லோரும் சுமக்கவும் வேண்டியதில்லை, பழகிய ஒருவர் போதும். ஆனால் ட்ரோனை நன்றாக ஓட்டுபவர் உருவாக நாளாகும், குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும், மழையும் காற்றும் தடுக்கும்.

எதிரியிடமும் அதே ட்ரோன் இருக்கிறதே! அங்கே சாலைகளின் மேல் வலை கட்டுகிறார்கள், கடைசி நம்பிக்கையாக ஷாட்கன் வைத்துக்கொள்கிறார்கள். ட்ரோன் வாங்கும் பணத்தில் ஒரு பங்கு ட்ரோனைத் தடுப்பதற்குப் போகாவிட்டால், அந்த வீரரைப் பாதிப் பாதுகாப்போடு அனுப்புகிறோம் என்றே சொல்வேன்.

என் வரிசை இதுதான்: முதலில் ட்ரோனும் அதைத் தடுக்கும் கருவியும், அடுத்து நெஞ்சிலிருக்கும் கைப்பேசி, கடைசியில் கண்ணாடி. இதற்கெல்லாம் முன்னால், ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிகே பட்டை ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். கை எட்டும் இடத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பட்டை ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் எத்தனையோ உயிர்களைக் காத்தது. கண்ணாடியை ஒதுக்கச் சொல்லவில்லை, ஆராய்ச்சி நடக்கட்டும். மொத்தமாக வாங்குவதற்கு முன் அதை மாட்டிக்கொண்டு மழையில், இருட்டில், முழுச் சுமையோடு ஒரு வாரம் நடந்தவர்கள் சரி என்று சொல்லட்டும்.