பீட்டில்ஸ்: மோனோவில் கேட்பதா, ஸ்டீரியோவில் கேட்பதா?

1960களின் பிரிட்டிஷ் இசைக்குழு பீட்டில்ஸின் ரசிகர்கள் இருவர் சந்தித்தால், பெரியவர் ஜான் லெனனா பால் மெக்கார்ட்னியா என்ற சண்டை ஒரு கட்டத்தில் ஓய்ந்துவிடும். ஓயாத சண்டை இன்னொன்று உண்டு. அந்த நால்வர் விட்டுச்சென்ற பாட்டு எந்த வடிவத்தில் இருக்கிறது? 1960களின் மோனோ மிக்ஸிலா, அதே காலத்து ஸ்டீரியோவிலா, தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் 2017 முதல் ஆல்பம் ஆல்பமாகச் செய்துவரும் புதிய மிக்ஸிலா? பதிவான குரலையும் வாத்தியங்களையும் கலந்து இறுதி ஒலியாக்குவதுதான் மிக்ஸ். எல்லாம் ஒரே ஒலியாக வந்தால் மோனோ, இடம் வலமாகப் பிரிந்து வந்தால் ஸ்டீரியோ. அவர்களின் ஆல்பங்கள் அடங்கிய ஒரு சிடி பெட்டி வாங்கக் காசு சேர்த்தபோது எனக்கும் இதே கேள்வி வந்தது. மோனோ பெட்டி, ஸ்டீரியோ பெட்டி இரண்டையும் கடன் வாங்கிக் கேட்டுப் பார்த்துவிட்டு மோனோவை வாங்கினேன். இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எளிய விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ஸ்டீரியோ எங்கும் கிடைக்கிறது, போனில் தேடினால் முதலில் வருவதும் அதுதான். மோனோ பெட்டி 2009 செப்டம்பர் 9 அன்று வந்தது, 13 சிடி. இப்போது கடையில் எளிதில் கிடைப்பதில்லை. தவிர, அதில் எல்லாமே இல்லை. 'அபி ரோட்', 'லெட் இட் பி' இரண்டுக்கும் தனி மோனோ மிக்ஸே செய்யப்படவில்லை, அதனால் அங்கே தேர்வுக்கு இடமில்லை.

தொடக்க கால ஆல்பங்களிலும் பெரிய விவாதம் வேண்டாம். முதல் ஆல்பத்தின் 10 பாட்டுகளை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் லண்டன் இஎம்ஐ ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். கையில் இருந்தது இரண்டு டிராக் டேப், அதாவது இரண்டு தனித்தனி ஒலித்தடங்கள் கொண்ட டேப். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் குரலை ஒரு டிராக்கிலும் வாத்தியங்களை இன்னொன்றிலும் வைத்தார். பிறகு இரண்டையும் சரியான அளவில் கலந்து மோனோவாக்குவதற்கு வசதி என்பதே அதற்குக் காரணம். அந்த இரண்டு டிராக்கையும் அப்படியே இடம் வலமாகப் பிரித்து வெளியிட்டதுதான் ஸ்டீரியோ. பஸ்ஸில் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். இடது காதில் என்றால் கிடாரும் டிரம்ஸும் வாசிக்கும், பாடுகிறவர்கள் எங்கோ சுவருக்கு அப்பால் இருப்பார்கள். ஸ்டீரியோவுக்கு இங்கே ஒரே ஒரு ஆறுதல். 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டின் ஸ்டீரியோ வடிவம் வேறு டேக்கிலிருந்து எடுக்கப்பட்டது. கடைசிச் சரணத்தில் ஜானும் பாலும் ஆளுக்கொரு வரி பாடிக் குழப்ப, ஜான் சிரிப்பை அடக்க முடியாமல் தொடர்வது அதில் அப்படியே இருக்கிறது. அதற்காகவே அதையும் வைத்திருக்கிறேன்.

சண்டை உண்மையில் சூடுபிடிப்பது 1966, 67 ஆல்பங்களில்தான். என் முடிவைத் தீர்மானித்ததும் அங்கேதான்: மிக்ஸ் செய்யும்போது அந்த அறையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது.

அன்றைய பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது மோனோ பிளேயர். ரேடியோவும் மோனோ. ஆகவே மோனோதான் இசைத்தட்டு, ஸ்டீரியோ சிலருக்கான உபரி. 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தின் மோனோ மிக்ஸுக்கு நால்வரும் கூடவே இருந்து வாரக்கணக்கில் உழைத்தார்கள். ஸ்டீரியோவை அவர்கள் இல்லாமலே ஸ்டூடியோ ஆட்கள் சில நாளில் முடித்துவிட்டார்கள்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். இன்று ஒரு மிக்ஸைக் கம்ப்யூட்டரில் சேமித்துவைத்துத் திரும்பத் திறக்கலாம். அன்று அது முடியாது. டேப் ஓடும்போதே குமிழ்களைக் கையால் ஏற்றி இறக்க வேண்டும், டேப்பின் வேகத்தை மாற்ற வேண்டும். குரலை இரட்டிப்பாக்க ஸ்டூடியோ பொறியாளர் கென் டவுன்சென்ட் 1966இல் கண்டுபிடித்த ஏடிடி முறையையும் மிக்ஸ் செய்யும்போதே கலக்க வேண்டும். அதாவது மிக்ஸிங்கும் ஒரு வாசிப்புத்தான். மோனோவுக்கு ஒருமுறை வாசித்ததை ஸ்டீரியோவுக்கு முதலிலிருந்து வாசிக்க வேண்டும், இரண்டாம் முறை அது அதே மாதிரி வராது.

'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' எடுத்துக்கொள்ளுங்கள். மோனோவில் டேப்பை வேகமாக ஓடவிட்டார்கள், பாட்டு ஏறக்குறைய அரை சுருதி உயர்ந்தது. பாலின் குரல் இளமையாகிறது, ஹார்ப்பின் நடையில் ஒரு பதற்றம் வருகிறது. விடியற்காலையில் சத்தம் போடாமல் வீட்டைவிட்டுக் கிளம்பும் பெண்ணின் கதைக்கு அந்தப் பதற்றம்தான் உயிர். ஸ்டீரியோவில் அதே பாட்டு மெதுவாக, கனத்துப்போய் நகர்கிறது. பல பத்தாண்டுகளாக உலகம் அதிகம் கேட்டது இந்த மெதுவான வடிவத்தைத்தான். பாட்டு அழுதுவடிகிறது என்று சொல்பவர்களிடம் மோனோவைப் போட்டுக் காட்டினால் பேச்சு மாறிவிடுகிறது.

'லூசி இன் த ஸ்கை' மோனோவில் ஜானின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் சுழல்கிறது, ஸ்டீரியோவில் அந்தச் சுழற்சி பெரிதாக இல்லை. ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு கடைசியில் மீண்டும் வரும்போது பால் தொண்டை கிழியக் கத்துவது மோனோவில் துல்லியமாகக் கேட்கிறது. ஸ்டீரியோவில் அதைத் தேடிப்பிடிக்க வேண்டும். எல்லாம் சின்ன விஷயங்கள்தான். ஆனால் ஒரு குழுவின் மரபு என்று வாய் நிறையப் பேசும்போது, அவர்கள் இருந்து, கேட்டு, சரி என்று சொன்ன ஒலி எது என்பதைத் தாண்டி வேறு எதை அளவுகோலாக வைப்பது?

'ஐ ஆம் த வால்ரஸ்' இன்னும் தெளிவான சாட்சி. 1967 செப்டம்பர் 29 அன்று மோனோ மிக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிபிசியில் ஒலிபரப்பான ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தை ரேடியோவிலிருந்து நேரடியாக அதற்குள் விட்டார்கள். அது தனி டிராக்கில் பதிவாகவில்லை, அந்த மோனோ மிக்ஸில் மட்டுமே இருந்தது. அதனால் ஸ்டீரியோ செய்யும்போது பாதிப் பாட்டுக்கு மேல் மோனோவையே ஒட்டி, போலி ஸ்டீரியோவாக மாற்றவேண்டி வந்தது. பாட்டின் நடுவில் ஒலி திடீரென்று சுருங்கி மங்குவதை நல்ல ஹெட்போனில் கேட்டால் யாரும் கண்டுபிடித்துவிடலாம்.

ஸ்டீரியோ பக்கத்தின் வாதத்தையும் சொல்லவேண்டும், அது வெறும் வாதம் அல்ல. 'எ டே இன் த லைஃப்' ஸ்டீரியோவில் ஜானின் குரல் வலப்புறம் தொடங்கி மெல்ல இடப்புறம் நகர்கிறது. அந்த நகர்வு மோனோவில் கிடையாது, அதன் இழப்பை நான் உணர்கிறேன். 'ப்ளூ ஜே வே' பாட்டில் பின்னோக்கி ஓடும் குரல்கள் ஸ்டீரியோவில் மட்டுமே உண்டு. 1968இன் வெள்ளை ஆல்பத்தில் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' ஸ்டீரியோவில் தேய்ந்து மறைந்து மறுபடி எழுகிறது, கடைசியில் விரல்களில் கொப்புளம் என்று டிரம்மர் ரிங்கோ அலறுகிறார். மோனோவில் பாட்டு அதற்கு முன்பே முடிந்துவிடும். அந்த அலறல் இல்லாத 'ஹெல்டர் ஸ்கெல்ட'ரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஸ்டீரியோதான். வெள்ளை ஆல்பம் வரும்போது அவர்களே ஸ்டீரியோவில் அக்கறை காட்டத் தொடங்கிவிட்டார்கள் என்பதால், என் அளவுகோலும் அங்கே மோனோவுக்குச் சாதகமாக நிற்கவில்லை.

அப்புறம் ஜைல்ஸ் மார்ட்டின். ஜார்ஜ் மார்ட்டினின் மகன். 2017இல் 'பெப்பர்' ஆல்பத்தைப் புதிதாக ஸ்டீரியோவில் கலந்தபோது அவர் வழிகாட்டியாக வைத்துக்கொண்டது பழைய ஸ்டீரியோவை அல்ல, மோனோவை. அதனால் 'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' மோனோவின் வேகத்துக்குத் திரும்பியது. எங்கள் தரப்புக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் வேண்டாம். 2022இல் 'ரிவால்வர்' வந்தபோது, திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருளைக் கொண்டு, 'டாக்ஸ்மேன்' பாட்டில் ஒரே டிராக்கில் சேர்ந்து பதிவான டிரம்ஸ், பேஸ், கிடார் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார்கள். ரிங்கோவின் டிரம்ஸ் இவ்வளவு கிட்டத்தில் கேட்டதே இல்லை. ஆனாலும் மோனோவில் அந்த மூன்றும் முட்டிமோதி ஒரே மொத்தையாக மேலே வந்து விழும்போது இருக்கும் மூர்க்கம் இதில் குறைகிறது என்பது என் காதின் தீர்ப்பு. ஒலி நாலாபக்கமும் சூழ்ந்து வரும் டால்பி அட்மாஸ் வடிவத்தை ஹெட்போனில் மட்டுமே கேட்டிருக்கிறேன், முறையான ஸ்பீக்கர் அமைப்பில் கேட்டவர்கள் சொல்வதையே அதில் நம்புங்கள். 2014இல் வந்த மோனோ எல்பிகளையும் நண்பர் வீட்டில் கொஞ்சம் கேட்டதோடு சரி. சிடியைவிடக் கதகதப்பாக இருந்தது, அதற்குமேல் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை.

புதிதாகத் தொடங்குபவர் என்னைக் கேட்டால், 'பெப்பர்' வரைக்கும் மோனோ என்பேன். பெட்டி கிடைக்காவிட்டால் 'பெப்பர்' ஆல்பத்துக்கு மட்டும் 2017 மிக்ஸை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளை ஆல்பம் முதல் ஸ்டீரியோவிலேயே போகலாம். 'ரப்பர் சோல்' மட்டும் கவனம். இன்று பொதுவாகக் கிடைக்கும் ஸ்டீரியோ, ஜார்ஜ் மார்ட்டின் 1980களில் சிடிக்காக மறுபடி கலந்தது. 1965இன் அசல் ஸ்டீரியோ வேண்டுமென்றால் அது இருப்பது மோனோ பெட்டிக்குள்தான், அதே சிடியில் மோனோவுக்கு அடுத்து.