காம்புசெல்3டி: செல்கள் திசுவாகச் சேர்வதைக் கணினியில் பார்க்க

திசுப் பொறியியல், அதாவது ஆய்வகத்தில் திசு வளர்க்கிற துறைப் பக்கம் இருக்கிறவர்கள் காம்புசெல்3டி (CompuCell3D) மென்பொருளைக் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிளேசியரின் குழு வளர்த்தெடுத்தது.

அடிப்படை, 1992ல் கிரானரும் கிளேசியரும் வெளியிட்ட மாடல். அதில் ஒவ்வொரு செல்லும் பல சிறு கட்டங்கள் சேர்ந்த ஒரு திட்டு. எல்லையில் இருக்கிற கட்டத்தைப் பக்கத்துச் செல் பிடித்துக்கொண்டால் மொத்த ஆற்றல் குறையுமா என்று நிரல் கணக்குப் போடுகிறது, குறைந்தால் அனுமதிக்கும், கூடினால் எப்போதாவதுதான் அனுமதிக்கும். எந்த வகைச் செல் எந்த வகையோடு எவ்வளவு ஒட்டும், செல்லின் பருமன் எவ்வளவு, இவ்வளவுதான் நாம் கொடுப்பது. கலந்துகட்டிப் போட்ட இரண்டு வகைச் செல்கள் தாமாகவே பிரிந்து, நன்றாக ஒட்டுகிற வகை உள்ளேயும் மற்றது அதைச் சுற்றியும் அமைந்துவிடும்! கருச் செல்களைக் கலந்துவிட்டுப் பார்த்து உயிரியலாளர் ஸ்டைன்பெர்க் 1960களில் சொன்ன விளக்கமும் இதுதான். எந்தச் செல் எங்கே போக வேண்டும் என்று ஒரு வரிகூட நாம் எழுதுவதில்லை, எனக்கு இதைப் பார்த்து அலுக்கவே இல்லை.

அப்புறம் ஆக்சிஜன். ரத்தக்குழாய் இல்லாத திசுவில் அது சுமார் 100 முதல் 200 மைக்ரான் வரைதான் ஊடுருவும், அதனால் தடிமனாக வளர்த்தால் நடுவில் இருக்கிற செல்கள் செத்துப்போகும். ஆக்சிஜன் பரவுவதை இதிலேயே சேர்த்து, அளவு குறைந்தால் செல் சாகட்டும் என்று பைதான் நிரல்மொழியில் நாலைந்து வரி எழுதினால் போதும், எந்தத் தடிமனில் சிக்கல் தொடங்குகிறது என்று செல்களை வளர்க்கும் ஊட்டக் கரைசலுக்குப் பணம் கொட்டும் முன்னாலேயே ஓரளவு புரிந்துவிடும். பைதான் கொஞ்சம்தான் தெரியும் என்றாலும் பரவாயில்லை, கூடவே வரும் ட்வெடிட் எடிட்டர் நிரலின் ஆரம்பச் சட்டகத்தை எழுதிக் கொடுத்துவிடும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். இதில் நேரம் ஓடுவது மான்டே கார்லோ படிகளில், அதாவது கட்டங்களை மாற்றிப் பார்க்கும் சுற்றுகளில், ஒரு படி எத்தனை நிமிடம் என்பதை உண்மையான செல் நகரும் வேகத்தோடு ஒப்பிட்டு நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒட்டுதல் எண்களுக்கும் ஆய்வகத்தில் அளக்கிற நேரடி அலகு கிடையாது. எண் குறைந்தால்தான் அதிகம் ஒட்டும், புதிதாக வருகிறவர்கள் இதில் குழம்புவார்கள். படம் அழகாக வந்துவிட்டது என்பதற்காக மாடல் சரி என்று கட்டுரை எழுதக் கிளம்பிவிடாதீர்கள், சோதனைத் தரவோடு பொருந்த வேண்டும். செல்கள் லட்சக்கணக்கில் வேண்டும், ஒவ்வொன்றின் வடிவமும் முக்கியமில்லை என்றால் பிசிசெல் (PhysiCell) என்ற மென்பொருள் பக்கம் போவது நல்லது.

செல் பிரியும் டெமோவில் ஆரம்பியுங்கள், ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள்.