டாவின்சி எக்ஸ்ஐ: எந்தப் புற்றுக்குக் கூடுதல் பணம் கட்டலாம், எதற்கு வேண்டாம்

ரோபோ அறுவை சிகிச்சை இருக்கிறது என்பதைப் பெரிய மருத்துவமனைகள் வாசல் பலகையிலேயே எழுதிவிடுகின்றன. எந்த உறுப்பின் புற்றுக்கு அது கைகொடுக்கும், எதற்கு வீண் செலவு, எதற்குக் கெடுதல் என்பது பலகையில் வராது. புற்றுநோய் அறுவையில் இந்தக் கருவியை எடைபோட அந்த மூன்றும்தான் முக்கியம். எனவே உறுப்பு வாரியாகவே பார்ப்போம்.

முதலில் கருவி. டாவின்சி என்பது கலிஃபோர்னியாவின் இன்ட்யூட்டிவ் நிறுவனம் தயாரிக்கும் அறுவை ரோபோ. 2000இல் அமெரிக்க அனுமதி பெற்ற டாவின்சி வரிசையில் எக்ஸ்ஐ 2014இல் வந்தது. மூன்று பாகங்கள்: சர்ஜன் உட்காரும் கன்சோல், நோயாளியின் மேல் கவிந்து நிற்கும் நான்கு கைகள் கொண்ட வண்டி, கேமராவும் மின்கத்தியும் இணைந்த கோபுரம். தானாக எதையும் வெட்டாது. சர்ஜன் விரலை அசைத்தால்தான் உள்ளே கருவி அசையும். கன்சோலின் பார்வைக் குழியிலிருந்து தலையை எடுத்தால் கருவிகள் அப்படியே நின்றுவிடும். சாதாரண லேப்ரோஸ்கோப்பியைவிட (சிறு துளைகள் வழியாக நீண்ட கருவிகளைக் கையால் பிடித்துச் செய்யும் அறுவை) இதில் கூடுதலாகக் கிடைப்பவை மூன்று: முப்பரிமாணப் பார்வை, கை நடுக்கத்தை வடிகட்டும் வசதி, நுனியில் மணிக்கட்டுபோல வளையும் கருவிகள். கடைசியாகச் சொன்னதுதான் காசுக்கு உரியது. லேப்ரோஸ்கோப்பிக் கருவி நீண்ட, விறைப்பான கம்பி; குறுகலான இடுப்புக் குழியின் அடியில் அதை வைத்துத் தையல் போடுவது பெரும்பாடு.

கருவியைப் பொருத்தும் வேலையிலேயே பாதி வெற்றி இருக்கிறது. எக்ஸ்ஐயில் வயிற்றில் 8 மி.மீ. கேனுலாக்களை (கருவிகள் உள்ளே நுழையும் குழாய்கள்) ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில், ஒன்றுக்கொன்று 8 செ.மீ. அளவு இடைவெளியில் வைப்பார்கள். நெருக்கி வைத்தால் வெளியே கைகள் ஒன்றோடொன்று இடிக்கும். ஒவ்வொரு கேனுலாவிலும் தடித்த கறுப்புப் பட்டை ஒன்று உண்டு. அது வயிற்றுச் சுவரின் தசைமட்டத்தில் நிற்க வேண்டும். கருவி அந்தப் புள்ளியை மையமாக வைத்துத்தான் சுழலும். பட்டை உள்ளேயோ வெளியேயோ விலகினால் ஒவ்வொரு அசைவும் வயிற்றுச் சுவரை இழுக்கும். வாயு கசியும், பிறகு வலி, சிலருக்கு அந்தத் துளையிலேயே குடலிறக்கம். நான்கு கேனுலாவும் ஒரே அளவு என்பதால் கேமராவை எந்தக் கைக்கும் மாற்றலாம். பழைய எஸ்ஐ மாடலில் இது முடியாது.

குறைகளில் பெரியது தொட்டுணர்வு இல்லாதது. திசு எவ்வளவு இறுக்கமாக இழுபடுகிறது என்பதை எக்ஸ்ஐயில் கண்ணால் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். பழகாத கையில் தையல் நூல் அறும். அதைவிட மோசம், கட்டியைப் பிடித்து இழுத்து உடைப்பது. உடைந்த கட்டியிலிருந்து செல்கள் வயிற்றுக்குள் சிந்தினால், நோய் பரவ நாமே வழிவிட்டதாகிவிடும். 2024இல் அனுமதி பெற்ற டாவின்சி 5இல் விசையை உணர்த்தும் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் இன்று பெரும்பாலான தியேட்டர்களில் ஓடுவது எக்ஸ்ஐயும் அதன் மலிவுப் பதிப்பான எக்ஸும்தான்.

இன்னொரு குறை மின்சாரக் கத்தரி. அதன் நுனிக்கு ஒவ்வொரு அறுவைக்கும் புது உறை மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு ஆரஞ்சு நிறப் பகுதி கொஞ்சமும் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தாலோ உறை கிழிந்தாலோ மின்சாரம் பக்கவாட்டில் பாய்ந்து கேமராவின் பார்வைக்கு வெளியே குடலைச் சுடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துக் காய்ச்சலும் வயிற்று வலியுமாக வெளிப்படும். பக்கத்தில் நிற்கும் உதவி சர்ஜன் இதையெல்லாம் கவனிப்பவராக இருக்க வேண்டும். கருவி மாற்றுவது, கிளிப் போடுவது, இரத்தத்தை உறிஞ்சுவது, கட்டியைப் பையில் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. கட்டுப்படாத இரத்தப்போக்கு என்றால் கைகளைக் கழற்றி வண்டியை நகர்த்தி வயிற்றைத் திறக்க வேண்டும். கருவியின் வாய் திசுவைக் கவ்விய நிலையில் இயந்திரம் நின்றுபோனால் திறக்க ஒரு சின்னத் திருகுச் சாவி கூடவே வரும். அது எங்கே இருக்கிறது என்று தியேட்டர் நர்ஸுக்குத் தெரியாத இடத்தில் இந்த அறுவையே வேண்டாம்.

புராஸ்டேட். இந்தக் கருவி பெயர் வாங்கியதே இங்கேதான். நோயாளியைத் தலை கீழாக 25 டிகிரி அளவு சாய்த்து, 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கரியமில வாயு நிரப்புவார்கள். அந்த அழுத்தமே சிரைக் கசிவை அடக்குவதால், திறந்த அறுவையில் வரும் இரத்தப்போக்கில் ஒரு பங்குதான் இங்கே. சிறுநீர்ப்பையைக் கீழே இறக்கி, அதன் கழுத்தைப் பிரித்து, விந்துப் பைகளை விடுவித்து, இரு பக்கமும் உள்ள, ஆண்மைக்கான நரம்புக் கொத்துகளைச் சூடு படாமல் ஒதுக்கி, கடைசியில் சிறுநீர்ப்பையைச் சிறுநீர்க் குழாயோடு சுற்றித் தைக்க வேண்டும். தையல் முடிந்ததும் உப்புநீர் செலுத்திக் கசிவு பார்ப்பார்கள். உட்சவ்வு தையலில் சிக்காமல் போனாலோ இழுவிசை கூடினாலோ கசியும். சிறுநீர் வடிய வைத்த கதீட்டர் குழாய், ஒரு வாரத்தில் எடுக்க வேண்டியது, இழுத்துக்கொண்டே போகும். கிளாக்கோமா உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தலைகீழ் நிலையில் கண் அழுத்தம் ஏறும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு உண்மை உண்டு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ரோபோவுக்கும் திறந்த அறுவைக்கும் மூன்று மாதத்தில் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலோ ஆண்மையிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இரண்டு வருடத்திலும் அப்படியே. இரத்தப்போக்கு குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்பவை நிஜம். நரம்பு பிழைப்பது மட்டும் சர்ஜனின் கையைப் பொறுத்தது. திறந்து செய்வதில் தேர்ந்தவர் ஊரிலேயே இருந்தால் ரோபோவைத் தேடி ஓட வேண்டியதில்லை.

சிறுநீரகம். 4 செ.மீ.க்குக் குறைந்த கட்டிக்கு, சிறுநீரகத்தைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுக்கும் அறுவையில் எக்ஸ்ஐக்குத் தாராளமாக மதிப்பெண் தரலாம். தமனியைக் கிளிப்பால் அடைத்த கணத்திலிருந்து கடிகாரம் ஓடும். 25 நிமிடத்துக்குள் வெட்டி, தைத்து, கிளிப்பை எடுத்துவிடுவது நல்லது. தாண்டினால் மிச்சமுள்ள சிறுநீரகம் சோர்ந்துபோகும். இந்த அவசரத்தில் வளையும் ஊசிப்பிடி உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஐ.சி.ஜி. என்ற பச்சைச் சாயத்தைச் சிரையில் செலுத்தினால், எந்தப் பகுதிக்கு இரத்தம் நின்றுவிட்டது என்பது அகச்சிவப்புக் கேமராவில் பளிச்சென்று தெரியும். வீட்டுக்குப் போனபின் ஒன்றை மறக்கக் கூடாது: ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத் திடீரென்று சிறுநீர் சிவந்தால், தைத்த இடத்தில் தமனி புடைத்திருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பெரும்பாலும் குழாய் வழியாக அடைத்தே சரிசெய்துவிடுவார்கள்.

மலக்குடல். இங்கே வெற்றியை அளக்கும் அளவுகோல் வேறு. மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையை, நிணநீர்க் கணுக்களோடு, மேல் சவ்வு கிழியாமல் முழுதாக எடுக்க வேண்டும். இங்கிலாந்தின் பில் ஹீல்ட் 1982இல் இதை வலியுறுத்திய பிறகே, அதே இடத்தில் நோய் திரும்புவது குறைந்தது. சரியான தளத்தில் போனால் உறை புளியம்பழமும் ஓடும்போலப் பிரிந்து வரும், ஒரு மி.மீ. உள்ளே போனால் சவ்வு கிழியும், வெளியே போனால் சிறுநீர், பாலுறவு நரம்புகள் போகும். ஆணின் குறுகிய இடுப்பு, பருமனான உடல், ஆசனவாய்க்கு அருகில் கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்தால் எக்ஸ்ஐயின் வளையும் கருவிகள் அருமையாக உதவும்.

ஆய்வுகள் இங்கே முதலில் ஏமாற்றம்தான் தந்தன. 471 நோயாளிகளை வைத்து 2017இல் வெளியான ரோலார் ஆய்வில், இடையில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தவர்கள் ரோபோவில் 8.1%, லேப்ரோஸ்கோப்பியில் 12.2%. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. பிறகு சீனாவின் 11 மருத்துவமனைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ரியல் ஆய்வு படத்தை மாற்றியது: வெட்டி எடுத்த திசுவின் சுற்று விளிம்பில் புற்று தங்கியது ரோபோவில் 4.0%, லேப்ரோஸ்கோப்பியில் 7.2%. மூன்று வருடத்தில் அதே பகுதியில் நோய் திரும்பியது 1.6%க்கு எதிராக 4.0%. அதில் பங்கேற்றவர்கள் இரண்டு முறையிலும் கைதேர்ந்த சர்ஜன்கள் என்பதை மறந்து இந்த எண்களை நம்மூர் மருத்துவமனைக்கு அப்படியே தூக்கிப் பொருத்தக் கூடாது.

கருப்பை வாய்ப் புற்றுக்கு இந்தக் கருவி வேண்டாம். மழுப்பாமல் சொல்ல வேண்டிய இடம் இது. இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுகளில் ஒன்று என்பதால் இன்னும் அழுத்தியே சொல்ல வேண்டும். 2018இல் வெளியான லாக் ஆய்வு, ஆரம்பக் கட்ட நோயுள்ள 631 பெண்களைத் திறந்த அறுவை ஒரு பக்கம், சிறு துளை அறுவை ஒரு பக்கம் என்று பிரித்தது. நாலரை வருடத்தில் நோயின்றி இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5%, சிறு துளை முறையில் 86.0%. இறப்பும் சிறு துளை முறையில்தான் அதிகம். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. துளை முறையில் பெரும்பாலானவை லேப்ரோஸ்கோப்பி, ரோபோ ஆறில் ஒரு பங்குதான் என்பது உண்மை. ரோபோவை மட்டும் தனியே சோதிக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. ஆனால் சந்தேகிக்கப்படும் காரணங்கள் இரண்டுக்கும் பொது: கருப்பையை அசைக்க உள்ளே செருகும் கருவி கட்டியை நசுக்குகிறது, யோனியை வயிற்றுக்குள்ளிருந்தே வெட்டும்போது கட்டி வாயு நிறைந்த வயிற்றுக்குத் திறந்துவிடுகிறது. முழுமையான கருப்பை அகற்றலை ரோபோவில் செய்கிறோம், தழும்பு தெரியாது என்று யாராவது ஆசை காட்டினால், லாக் ஆய்வைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

கருப்பை உட்சுவர்ப் புற்று பக்கத்து வீடுதான், ஆனால் கதை நேர்மாறு. அங்கே துளை முறையே சிறந்தது. பருமனான பெண்களுக்கு ரோபோ நல்ல தேர்வு. கருப்பை வாயில் ஐ.சி.ஜி. ஊசி போட்டு, புற்று முதலில் பரவக்கூடிய நிணநீர்க் கணுவான காவல் கணுவை மட்டும் கண்டுபிடித்து எடுக்கும் வசதியும் உண்டு. எல்லாக் கணுக்களையும் அள்ளி எடுப்பதால் வரும் கால் வீக்கம் இதனால் குறையும்.

மார்பகத்துக்குத் தேவையில்லை. புற்றைத் தடுக்கவோ குணமாக்கவோ ரோபோவில் மார்பகம் அகற்றுவதன் பாதுகாப்பு நிறுவப்படவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 பிப்ரவரியில் எச்சரித்தது. வாய்ப் புற்றிலும் தேவையில்லை. தொண்டைப் பக்கம் டான்சில், அடிநாக்குக் கட்டிகளை எட்ட ரோபோ உதவும். ஆனால் புகையிலையால் வரும் கன்னம், ஈறு, நாக்குக் கட்டிகளுக்குத் தேவை சுற்றிலும் நல்ல திசுவை விளிம்பாகச் சேர்த்து வெட்டுவதும் கழுத்துக் கணுக்களை முதலிலேயே எடுப்பதும். ஆரம்பக் கட்டத்திலேயே கழுத்தையும் சேர்த்துச் செய்தால் மூன்று வருடப் பிழைப்பு 67.5%லிருந்து 80%க்கு ஏறும் என்று மும்பை டாடா மெமோரியல் 2015இல் காட்டியது. அதற்கு ரோபோ எதற்கு?

பணம். கருவிகளின் உள்ளே எண்ணும் சில்லு உண்டு. இத்தனை முறை பயன்படுத்தியதும், நல்ல நிலையில் இருந்தாலும், இயந்திரம் ஏற்காது. முன்பு பெரும்பாலும் 10 முறை. எக்ஸ்ஐயின் சில கருவிகளுக்கு 12 முதல் 18 வரை நீட்டினார்கள். பில்லில் ரோபோக் கட்டணம் தனி வரியாக வருவதற்கு இதுவும் ஆண்டுப் பராமரிப்பும் காரணம். குருகிராமில் தயாராகும் எஸ்எஸ்ஐ மந்த்ரா போன்ற போட்டிக் கருவிகள் வந்திருப்பதால் விலை இறங்க வாய்ப்புண்டு. தமிழ்நாட்டில் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையிலும் 2022 முதல் ரோபோ அறுவைப் பிரிவு இருக்கிறது. தனியாரில் கையெழுத்துப் போடும் முன் அங்கே விசாரிக்கலாம். காப்பீட்டு நிறுவனங்கள் ரோபோ அறுவையை அடியோடு விலக்க முடியாது, ஆனால் உச்சவரம்பு வைக்கலாம். ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் அது காப்பீட்டுத் தொகையில் 50%. ஐந்து லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறது என்று நிம்மதியாக உட்காராமல், இந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

சேரும் முன் சர்ஜனிடம் கேட்க வேண்டியவை: இதே உறுப்பில், இதே அறுவையை இந்தக் கருவியில் எத்தனை செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்கு இடையில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது, கன்சோலில் முழு நேரமும் நீங்களே இருப்பீர்களா. முடிந்த பிறகு நோயியல் அறிக்கையின் பிரதியை வாங்குங்கள். அதில் விளிம்பு சுத்தமா, எத்தனை மி.மீ. தூரம், எத்தனை கணுக்கள் எடுத்து எத்தனையில் புற்று, மலக்குடல் என்றால் உறை முழுமையாக வந்ததா என்று எழுதியிருக்கும். மேற்கொண்டு கீமோவா, கதிர்வீச்சா, வெறும் கண்காணிப்பா என்பதை அந்த நான்கு வரிகளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அவை இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.