பையா, பிளாஸ்டிக்கா, உலோகமா? பித்தக் குழாய் அடைப்புக்கு மூன்று வழிகள்

பித்தக் குழாயில் புற்றுநோய் என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்பது கீமோ எப்போது என்று. டாக்டர்களோ முதலில் அடைப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். ஈரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தம் சுரக்கிறது. அது குடலுக்குப் போக வழியில்லாவிட்டால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், தூங்க விடாமல் உடம்பெல்லாம் அரிக்கும். ரத்தத்தில் பிலிரூபின் (மஞ்சள் நிறம் தரும் பித்தப் பொருள்) ஓரளவு இறங்காமல் கீமோவைத் தொடங்கவும் மாட்டார்கள். என் மனைவிக்கு வலது, இடது குழாய்கள் கூடும் இடத்திலேயே கட்டி. அடைப்பைத் திறக்க இருக்கும் மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்று. என் ஓட்டு உலோக ஸ்டென்ட்டுக்கு, அதாவது அடைத்த குழாய்க்குள் வைத்து வழி திறக்கும் சின்ன உலோகக் குழலுக்கு.

பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை ஈ.ஆர்.சி.பி. முறையில், வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு வைப்பார்கள். விலை சில ஆயிரத்தோடு முடியும். வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். ஆபரேஷனுக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று முடிவாகாதவர்கள், பயாப்ஸி ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குவார்கள். ஆனால் குழாய் மெல்லியது. உள்ளே சகதி படிந்துகொண்டே வரும். சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். எங்களுக்கு அந்தக் கெடு வரும் முன்பே அடைத்துக்கொண்டது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மறுபடி அட்மிஷன்.

அடுத்தது பை. விலா எலும்புகளுக்கு நடுவே தோலைத் துளைத்து, ஸ்கேன் பார்த்தபடி ஈரலுக்குள் டியூப் விட்டு, பித்தத்தை வெளியே ஒரு பையில் வடிய விடுவது. ஆஸ்பத்திரியில் பி.டி.பி.டி. என்பார்கள். கிருமி ஏறிய பித்தத்தை அவசரமாக வெளியேற்ற இது நல்ல வழி. எண்டோஸ்கோப்பால் எட்ட முடியாத மேல்பக்க அடைப்புக்கும் இதுதான் கை கொடுக்கிறது. என் மனைவிக்கு இதைப் போட்ட இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. அந்த நன்றி எனக்கு அதன்மேல் எப்போதும் உண்டு.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பை கணவன் அல்லது மனைவியின் வேலையாகிவிடுகிறது. எவ்வளவு வடிந்தது என்று தினமும் அளந்து எழுத வேண்டும். நான் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். காலையில் கண் விழித்ததும், "என்னங்க, இன்னிக்கு எவ்வளவு வந்திருக்கு?" என்பதுதான் அவள் முதல் பேச்சு. திடீரென்று குறைந்தால் டியூப் அடைத்திருக்கலாம், நகர்ந்திருக்கலாம். ரொம்பக் கூடினாலும் கவலைதான், பித்தத்தோடு உப்பும் தண்ணீரும் போய் ஆள் துவண்டுவிடுவார். ஃபிளஷ் செய்யச் சொல்லியிருந்தால் சொன்ன அளவு ஸலைனை சிரிஞ்சில் எடுத்து மெதுவாக உள்ளே தள்ள வேண்டும், திருப்பி உறிஞ்சக் கூடாது. தள்ளும்போது வலித்தாலோ இறுகினாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். குளிப்பது பெரும்பாடு. புரண்டு படுக்க முடியாது. பழைய நைட்டித் துணியில் தோளில் மாட்டும்படி ஓர் உறை தைத்து, அதற்குள் பையைப் போட்டு, மேலே துப்பட்டாவால் மூடிக்கொள்வாள். யாராவது பார்க்க வந்தால் அவள் கை தானாக அந்தப் பக்கம் போய்விடும்.

பைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: நடப்பது கண்ணுக்குத் தெரியும். பொன்மஞ்சளோ பச்சையோ கலந்து தெளிவாக வந்தால் நிம்மதி. கலங்கலாகவோ ரத்தமாகவோ வந்தால் உடனே போன் செய்யலாம். உலோக ஸ்டென்ட்டில் இந்த வசதி கிடையாது.

இருந்தும் நான் உலோகத்தின் பக்கம் சாய்வதற்குக் காரணம் கீமோ அட்டவணை. இந்த நோய்க்குப் பரவலாகக் கொடுப்பது ஜெம்சிடபைனும் சிஸ்பிளாட்டினும். மூன்று வாரம் ஒரு சுற்று, அதில் முதல் நாளும் எட்டாம் நாளும் மருந்து. 2010-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றிலிருந்து இதுதான் அடிப்படைச் சிகிச்சை. இப்போது சிலருக்கு இதோடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபியும் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு அடைப்பும் இந்த வரிசையைக் குலைக்கிறது. அடைத்தால் காய்ச்சல், காய்ச்சல் என்றால் அட்மிஷனும் ஆன்டிபயாட்டிக்கும், பிலிரூபின் மறுபடி இறங்கும் வரை கீமோ தள்ளிப்போகும். கீமோவால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அடைத்தால் ஆபத்தும் அதிகம். செலவுக் கணக்கையும் இப்படித்தான் போட வேண்டும். உலோக ஸ்டென்ட் பிளாஸ்டிக்கைப் போலப் பல மடங்கு விலை. ஆனால் பிளாஸ்டிக்கை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஈ.ஆர்.சி.பி. கட்டணம், அறை வாடகை, ரத்தப் பரிசோதனை, வண்டிக் கூலி எல்லாம் திரும்ப வரும். விலைப்பட்டியலில் மலிவாகத் தெரிவது வருஷக் கணக்கில் மலிவாக இருப்பதில்லை.

உலோக ஸ்டென்ட் வலைபோல விரிந்து அகலமான வழி விடுகிறது, அதனால் சீக்கிரம் அடைக்காது. பல மாதம் தாங்கும் என்பார்கள். எங்களுக்குப் பை போட்ட அதே துளை வழியாக வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று வைத்தார்கள். சில நாள் டியூபை மூடி வைத்துப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்றதும் உருவிவிட்டார்கள். அன்று அவள் குளியலறையிலிருந்து வெளியே வர முக்கால் மணி நேரமானது.

பராமரிப்பு என்று எதுவும் இல்லை, கவனிப்பு மட்டும் உண்டு. காலைச் சிறுநீரின் நிறம், பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளை, அரிப்பு. தெர்மாமீட்டர் 100.4 காட்டினால், அதிலும் நடுக்கம் இருந்தால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. இரவானாலும் கிளம்பிவிட வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில் என்பதை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை, ஸ்டென்ட் விவரம் உள்ள பக்கத்தோடு, ஒரு கவரில் போட்டு வாசலருகே வைத்திருக்கிறேன்.

என் அனுபவம் போதாத இடம் ஒன்று உண்டு. வலைமேல் உறையில்லாத உலோக ஸ்டென்ட்டை ஒருமுறை வைத்தால் பொதுவாக எடுக்க முடியாது, நாளாவட்டத்தில் கட்டி வலைக்குள்ளேயே வளர்ந்தும் அடைக்கலாம். அப்படி அடைத்தால் உள்ளேயே இன்னொரு ஸ்டென்ட் வைப்பார்களாம். எங்களுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. அதனால் அது எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆபரேஷன் வாய்ப்பு உள்ளவர்கள் சர்ஜனிடம் பேசாமல் இதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

இப்போது பையோடு இருப்பவர்கள் அடுத்த ரிவ்யூவில் ஒன்று கேட்டுப் பாருங்கள்: டியூபை அடைப்பைத் தாண்டிக் குடல்வரை கொண்டுபோய், வெளிமுனையை மூடி வைக்க முடியுமா, பிறகு அதே துளை வழியாக ஸ்டென்ட்டாக மாற்ற முடியுமா என்று. எல்லோருக்கும் முடியாது. கிருமித் தொற்று அடங்காதவர்களுக்குப் பை இருப்பதுதான் பாதுகாப்பு.