சிங்கப்பூர் வண்ணமீன் கண்காட்சிக்கு என்று பணம் வாங்கி, ஜொகூரில் தங்கவைத்த டிராவல்ஸ்காரர்

கொளத்தூர், பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் கப்பி, ஃபைட்டர் போன்ற வண்ணமீன்கள் வளர்க்கும் நண்பர்கள் கவனத்திற்கு இதை எழுதுகிறேன். வெளிநாட்டு வண்ணமீன் கண்காட்சிகளுக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகும் டிராவல்ஸ்காரர் ஒருவரிடம், விமானம், விசா, தங்குமிடம், நுழைவுச்சீட்டு அனைத்தும் அடங்கலாகத் தலைக்கு 78,000 ரூபாய் கட்டி எங்கள் குழு சிங்கப்பூர் சென்று வந்தது.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இமிக்ரேஷன் முடித்து வெளியே வந்த எங்களை ஏற்றிக்கொண்ட வேன், ஊருக்குள் போகாமல் நேரே உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச் சாவடி வழியாகக் கடற்பாலத்தைக் கடந்து மலேசியாவின் ஜொகூர் பாருவில் கொண்டுபோய் இறக்கியது. பயணத் திட்டத் தாளில் ‘மூன்று நட்சத்திர விடுதி’ என்று இருந்ததே தவிர, அது எந்த நாட்டில் என்று இல்லை. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம் என்பதாலும், அங்கே அறை வாடகை சிங்கப்பூரை விடப் பல மடங்கு குறைவு என்பதாலும், அவருக்கு இதில் கொள்ளை இலாபம்.

அந்தக் கடற்பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கான மலேசியர்களோடு சேர்ந்து, ஜொகூர் பக்கம் ஒரு வரிசையில் நின்று, பேருந்தேறிப் பாலத்தைக் கடந்து, பைகளோடு மறுபடி இறங்கி உட்லண்ட்ஸில் இன்னொரு வரிசையில் நின்று, அதே எண் பேருந்துக்காகத் திரும்பவும் காத்திருக்க வேண்டும். நாங்கள் அரங்கத்தை அடைந்தபோது கப்பிப் பிரிவில் நடுவர்கள் பார்வையிட்டு முடித்திருந்தார்கள். நல்ல ஜோடிகள் எல்லாம் விலைபோய், தொட்டிகளில் ‘விற்றது’ என்ற சீட்டுதான் ஒட்டியிருந்தது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எங்களுடன் வந்த புளியந்தோப்புப் பெரியவர் ஒருவருக்குக் கிடைத்திருந்தது ஒருமுறை மட்டும் நுழையக்கூடிய விசா. சாங்கியில் இறங்கிய அன்றே அது தீர்ந்துவிட்டதால், மறுநாள் காலை உட்லண்ட்ஸில் அவரை மலேசியாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். டிராவல்ஸ்காரருக்குப் போன் செய்தால், “இன்னிக்கு ஒரு நாள் ஜொகூரைச் சுத்திப் பாருங்க சார், நான் பேசிட்டுச் சொல்றேன்” என்றார். திரும்பும் விமானமும் சாங்கியிலிருந்துதான் என்பதால் அந்தச் சீட்டும் பயன்படவில்லை. லார்க்கின் பேருந்து நிலையத்திலிருந்து கோலாலம்பூர் போய், கைப்பணத்தில் புதிய டிக்கெட் எடுத்து ஊர் வந்து சேர்ந்தார். கண்காட்சி வாசலைக்கூட அவர் பார்க்கவில்லை.

எத்தனை முறை நுழையலாம் என்பதைச் சிங்கப்பூர் அதிகாரிகள்தான் தீர்மானிக்கிறார்கள். அதற்கு டிராவல்ஸ்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விசாத் தாளில் அது தெளிவாக அச்சாகியிருக்கும்போது, அதைக் கையில் வைத்துக்கொண்டே பெரியவரைச் சிங்கப்பூருக்கு வெளியே தங்கவைத்தது எந்த நியாயத்தில் சேரும்?

‘என்ட்ரி கார்டு’ என்று தலைக்கு 1,500 ரூபாய் தனியாகவும் டிராவல்ஸ்காரர் வாங்கினார். சிங்கப்பூரின் வருகை அட்டையை, வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நாமே இலவசமாக நிரப்பலாம். மலேசியாவின் அட்டையும் இலவசமே.

மீன்களைப் பையில் ஆக்சிஜன் அடைத்துக் கையோடு கொண்டுவந்துவிடலாம் என்றும் அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். உயிர்மீனை இந்தியாவுக்குள் கொண்டுவர மத்திய அரசின் சுகாதார இறக்குமதி அனுமதியை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். பயணப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வழியே இல்லை. ஆசிய அரோவானாவோ, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ள மீன். அவர் பேச்சை நம்பி அதை வாங்கியிருந்தால் பணம் போவதோடு வழக்கும் வந்திருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “மீன் பாக்கத்தானே போனீங்க, பாத்துட்டீங்கல்ல” என்பதே பதில். ரசீது, திட்டத் தாள், முத்திரை குத்திய விசாத் தாள், கோலாலம்பூர் டிக்கெட் ஆகியவற்றின் நகல்களோடு சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் பேசிப் பார்க்க நினைப்பவர்களுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அடுத்த கண்காட்சிக்கும் அந்த டிராவல்ஸ்காரர் இப்போதே முன்பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார். கொடுத்தவர்கள், விடுதியின் பெயரையும் முகவரியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் மீதித் தொகையைக் கட்ட வேண்டாம்.